இடுப்புப் பிடிப்புக்கு 'ஒரே மாத்திரை': உள்ளே இருப்பது எத்தனை மருந்து? ஷிஃப்ட்டுக்குப் போகும் முன் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

கார், பைக், டயர், செல்போன் என ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் தயாராகாத பொருள் குறைவு. இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் என வரிசையாகத் தொழிற்சாலைகள். உள்ளே பலருக்கும் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. குனிந்து எடுப்பது, திரும்பி வைப்பது, ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை செய்வது. இடுப்போ, கழுத்தோ, தோள்பட்டையோ பிடித்துக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

லீவு போட்டால் சம்பளம் போகும், அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். அதனால் பலருக்கும் முதல் வைத்தியம் மெடிக்கல் ஷாப்தான். "அண்ணா, இடுப்பு புடிச்சிருக்கு, மாத்திரை குடுங்க" என்று கேட்டால், அட்டையிலிருந்து நான்கு மாத்திரை வெட்டித் தருவார்கள். வலியும் குறைந்துவிடும். ஆனால் அந்த ஒரு மாத்திரைக்குள் இரண்டு அல்லது மூன்று மருந்துகள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது?

பிராண்ட் பெயர்கள் பல. ஆனால் உள்ளே இருக்கும் கலவைகள் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

• அசிக்ளோஃபெனாக் + பாராசிட்டமால் + குளோர்சாக்சசோன்
• டைக்ளோஃபெனாக் + பாராசிட்டமால் + குளோர்சாக்சசோன்
• அசிக்ளோஃபெனாக் + தயோகோல்சிகோசைடு
• அசிக்ளோஃபெனாக் + டைசானிடின்

இதில் அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் இரண்டும் வலியையும் வீக்கத்தையும் குறைப்பவை. பாராசிட்டமால் வலிக்கும் காய்ச்சலுக்கும் ஆனது. குளோர்சாக்சசோன், தயோகோல்சிகோசைடு, டைசானிடின் மூன்றும் 'மசில் ரிலாக்ஸன்ட்', அதாவது இறுகிய தசையைத் தளர்த்தும் மருந்துகள்.

இந்தத் தளர்த்தும் மருந்து பிடித்த இடத்தைத் தேடிப் போய் வேலை செய்வதில்லை. மூளை, தண்டுவடம் வழியாகத்தான் வேலை செய்கிறது. அதனால் இடுப்பு மட்டும் தளராது, மொத்த உடம்பும் கொஞ்சம் மந்தமாகும்.

மெஷின் முன்னால் நிற்பவர்களுக்கு என்ன ஆபத்து?

தூக்கக் கலக்கம், தலைசுற்றல், கவனக்குறைவு ஆகியவை இந்த மருந்துகளின் தெரிந்த பக்கவிளைவுகள். வீட்டில் படுத்திருப்பவருக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. பிரஸ் மெஷின், வெல்டிங், ஃபோர்க்லிஃப்ட் வேலையில் இருப்பவருக்கு அரை நொடி தாமதம்கூட விரலையோ கையையோ பறித்துவிடும். நைட் ஷிஃப்ட்டில் உடம்பு ஏற்கெனவே தூக்கத்துக்கு ஏங்கும். அதோடு இந்த மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பாகும்.

வேலை முடிந்து பைக்கில் கிளம்புபவர்களுக்கும் இது பொருந்தும். கன்டெய்னர் லாரிகள் ஓடும் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் கண் சொக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், முதல் மாத்திரையை வேலை முடிந்து வீடு வந்த பிறகு, தூங்கப் போகும் முன் போடுவதே பாதுகாப்பு. அது உடம்பை எப்படிப் பாதிக்கிறது என்று தெரியும் வரை மெஷினும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். 'மெஷினில் வேலை, இந்த வாரம் நைட் ஷிஃப்ட்' என்று டாக்டரிடம் சொல்லிவிட்டால், தூக்கம் வராத மருந்தாக மாற்றித் தர வாய்ப்பு உண்டு.

மது அறவே கூடாது. மசில் ரிலாக்ஸன்ட்டோடு மது சேர்ந்தால் மயக்கம் கூடும். பாராசிட்டமாலோடு சேர்ந்தால் கல்லீரலுக்குக் கேடு. வலி மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். சளி, அலர்ஜிக்குப் போடும் தூக்கம் வரும் மாத்திரைகளையும் இதோடு சேர்க்கக் கூடாது.

தெரியாமலே 'டபுள் டோஸ்' ஆவது எப்படி?

காலையில் இடுப்புக்கு ஒரு கலவை மாத்திரை. மதியம் தலைவலிக்கு பாராசிட்டமால் 650. இரவு பல்வலிக்கு டைக்ளோஃபெனாக். மூன்று பிரச்சினைக்கு மூன்று மாத்திரை என்றுதான் தோன்றும். உண்மையில் பாராசிட்டமால் இரண்டு முறை உள்ளே போயிருக்கிறது, ஒரே குடும்பத்து வலி மருந்தும் இரண்டு முறை போயிருக்கிறது.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு பாராசிட்டமால் 4,000 மில்லிகிராம் என்பது உச்ச வரம்பு. ஒல்லியாக இருப்பவர்கள், மது அருந்துபவர்கள், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. அசிக்ளோஃபெனாக் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் மாத்திரை இரண்டு மட்டுமே. டைக்ளோஃபெனாக் 150 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 'வலி போகல' என்று மூன்றாவது மாத்திரை போடுவதால் வலி குறைவதைவிடப் பக்கவிளைவு கூடுவதே அதிகம்.

அட்டையிலிருந்து வெட்டித் தரும் மாத்திரையில் இன்னொரு தொல்லை. மருந்தின் பெயர், அளவு, காலாவதி தேதி எல்லாம் அட்டையின் மறுபாதியில் கடையிலேயே தங்கிவிடும். பெயர் உள்ள பகுதியைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது முழு அட்டையையும் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். பில் கேட்பதும் நல்லது.

தண்ணீர் குடிக்காமல் மாத்திரை போட்டால்?

அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக் கூடியவை. உடம்பில் போதிய நீர் இருந்தால் அதைச் சமாளித்துவிடும். சூடான ஷாப் ஃப்ளோரில் வியர்த்துக் கொட்டி, அடிக்கடி டாய்லெட் போக முடியாதே என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டால் நிலைமை வேறு. சிறுநீரகத்துக்கு அடி விழுவது அப்போதுதான். வெளியில் எந்த வலியும் தெரியாது என்பதுதான் இதில் மோசமான விஷயம்.

வெறும் வயிற்றில் போட்டால் எரிச்சல், புண், ரத்தக்கசிவு வரலாம். சாப்பிட்ட பிறகு போட வேண்டும். பலர் கூடவே ஒரு 'கேஸ் மாத்திரை' போட்டுக்கொண்டு கவலையை விட்டுவிடுகிறார்கள். அந்த மாத்திரை வயிற்றைத்தான் காக்கும், சிறுநீரகத்தைக் காக்காது.

குளோர்சாக்சசோன் போடும்போது சிறுநீர் ஆரஞ்சு அல்லது செந்நிறமாக மாறலாம். அது பெரும்பாலும் மருந்தின் நிறம்தான். ஆனால் கண் மஞ்சளாவது, வாந்தி, கடும் சோர்வு இருந்தால் அது கல்லீரல் பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம். இந்த மருந்தால் அரிதாகக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படுவது உண்டு. உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

யாரெல்லாம் தாங்களாகப் போடவே கூடாது?

• அல்சர், சிறுநீரக நோய், கல்லீரல் நோய், இதய நோய் உள்ளவர்கள்.
• வலி மாத்திரை போட்டால் இழுப்பு வரும் ஆஸ்துமா நோயாளிகள்.
• பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள். இவற்றோடு வலி மருந்தும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம்.
• காய்ச்சலோடு உடம்பு வலி இருப்பவர்கள். அது டெங்குவாக இருந்தால் அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும்.
• சிப்ரோஃப்ளாக்சசின் ஆன்டிபயாடிக் சாப்பிடுபவர்கள் டைசானிடினைத் தொடவே கூடாது. பிரஷர் திடீரென இறங்கிவிடும்.
• கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும்.

இந்தப் பகுதியில் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலை செய்பவர்களில் இளம்பெண்கள் அதிகம். தயோகோல்சிகோசைடு பற்றி அவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2013-ல் ஐரோப்பிய மருந்துகள் முகமை இந்த மருந்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. உடலில் இது உடைந்து உருவாகும் ஒரு பொருள், பிரியும் செல்களின் குரோமோசோம்களைப் பாதிக்கக்கூடும் என்று ஆய்வக, விலங்குச் சோதனைகளில் தெரியவந்ததே காரணம். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், கருத்தடை முறை எதுவும் பின்பற்றாத கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் பயன்படுத்தக் கூடாது என்று அந்த முகமை சொன்னது. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கூடாது.

எத்தனை நாள் போடலாம்?

அதே 2013 பரிந்துரைப்படி, தயோகோல்சிகோசைடு மாத்திரை 12 மணி நேரத்துக்கு 8 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டக் கூடாது, 7 நாட்களுக்கு மேல் கூடாது. மற்ற கலவைகளும் சில நாள் நிவாரணத்துக்குத்தான். திடீரென வரும் இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகும். மாத்திரை அந்த நாட்களைக் கடக்க உதவும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் போட வேண்டியிருந்தால் கவனிக்க வேண்டியது வலியின் காரணத்தை.

கலவை மருந்துகளை அரசு தடை செய்ததா?

எல்லாவற்றையும் அல்ல. 2016 மார்ச்சில் மத்திய சுகாதாரத் துறை 344 கலவை மருந்துகளைத் தடை செய்தது. நிமிசுலைடு - டைசானிடின் கலவை அந்தப் பட்டியலில் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிபுணர்களின் மறுஆய்வுக்குப் பின் 2018 செப்டம்பரில் 328 கலவைகள் தடை செய்யப்பட்டன.

2025 பிப்ரவரியில் இன்னொரு கலவை உலகச் செய்தியானது. டேபென்டடால் என்ற வலுவான ஓபியாய்டு வலி மருந்தையும், கரிசோபுரடால் என்ற மசில் ரிலாக்ஸன்ட்டையும் சேர்த்து மும்பை நிறுவனம் ஒன்று தயாரித்த மாத்திரை, கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட் நாடுகளில் போதைப்பொருளாகப் புழங்குவதை பிபிசி வெளிக்கொண்டு வந்தது. சில நாட்களிலேயே இந்தக் கலவையின் தயாரிப்பு, ஏற்றுமதி அனுமதிகளை ரத்து செய்ய மத்திய அரசு உத்தரவிட்டது. கரிசோபுரடால் பழக்கத்துக்கு அடிமையாக்கும் என்பதால் 2007-லேயே ஐரோப்பாவில் அதை நிறுத்தப் பரிந்துரைத்திருந்தார்கள்.

நம் ஊர் மெடிக்கலில் சாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரைகள் இந்த வகை அல்ல. ஆனாலும் 'வலி நிவாரணி, மசில் ரிலாக்ஸன்ட் தானே' என்று எதையும் எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இது உதாரணம். நண்பர் கொடுத்தார், ரூம்மேட் வைத்திருந்தார் என்று பெயர் தெரியாத மாத்திரையைப் போடுவது தவறு.

மாத்திரைக்குப் பதில் என்ன செய்யலாம்?

ஒரு இடத்தில் மட்டும் பிடிப்பு என்றால் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாம். உடம்புக்குள் போகும் மருந்தின் அளவு மாத்திரையைவிட மிகக் குறைவு. சூடு ஒத்தடம் உதவும். நாள் முழுக்கப் படுத்தே கிடப்பது வலியை நீட்டிக்கும், மெதுவாக நடப்பது நல்லது.

கம்பெனிக்குள் முதலுதவி அறையோ டாக்டரோ இருந்தால் அங்கே பதிவு செய்வது முக்கியம். ஒரே ஸ்டேஷனில் பலருக்கும் ஒரே வலி என்றால், கோளாறு அந்த மேஜையின் உயரத்திலோ தூக்கும் எடையிலோ இருக்கலாம். பதிவு இருந்தால்தான் அதை மாற்றச் சொல்லிக் கேட்க முடியும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கும் சேர்த்து. ஈ.எஸ்.ஐ. டாக்டர் ஓய்வு தேவை என்று சான்று கொடுத்தால், சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் நோய்க்கால உதவித்தொகையாகக் கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாட்கள் வரை பெறலாம். அதற்கு, ஆறு மாத சந்தா காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். முதல் 2 நாட்களுக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. 'லீவு போட்டால் ஒன்றுமே கிடைக்காது' என்று மாத்திரையோடு ஓட்டுபவர்களில் பலருக்கு இந்த விவரம் தெரிவதில்லை.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது?

• காலில் பலவீனம், தொடை நடுவிலோ ஆசனவாய் அருகிலோ மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு இழத்தல்.
• கீழே விழுந்த பின் வந்த வலி, காய்ச்சலோடு வரும் முதுகுவலி.
• கறுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி, சிறுநீர் குறைவது, முகம் அல்லது கால் வீக்கம்.
• மாத்திரை போட்டபின் மூச்சுத்திணறல், உடம்பெங்கும் தடிப்பு, நெஞ்சுவலி.

அவசரத்துக்கு 108-ஐ அழைக்கலாம். மருத்துவ ஆலோசனைக்கு தமிழக அரசின் 104 சேவை இருக்கிறது. மருந்தால் பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் யார் வேண்டுமானாலும் புகார் பதிவு செய்யலாம். பேசும்போது கேட்கப்படும் முதல் கேள்வி 'என்ன மாத்திரை போட்டீங்க?' என்பதாகத்தான் இருக்கும். அதற்காகவாவது அந்த அட்டையின் போட்டோ செல்போனில் இருக்கட்டும்.