பொம்மைக்குப் பின்னால் ஒரு நத்தை

ஹைதராபாத் சாலார்ஜங் அருங்காட்சியகத்தில், நண்பகல் நெருங்கினால் சனம் ஒரு பழைய அலங்கார மணிக்கூட்டின் முன்னால் திரண்டுவிடும். 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, குக் அண்ட் கெல்வி நிறுவனத்தின் பெயர் தாங்கியது. மணி அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போதே பொம்மை ஒன்று வெளியே வந்து நிற்கும். நேரமானதும் சேகண்டியில் பன்னிரண்டு அடி அடித்துவிட்டு உள்ளே போய்விடும். கொல்லன் பொம்மை ஒன்று விநாடிதோறும் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருக்கும்.

எல்லோரும் பொம்மையைப் பார்க்கிறார்கள். எனக்கு உள்ளே இருப்பதில்தான் ஆசை. பன்னிரண்டோடு நிறுத்த வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

ஆங்கிலேய மணிக்கூடுகளில் பரவலாகக் காணும் ஏற்பாடு இது. நேரம் காட்டும் சக்கரங்கள் தனி, மணி அடிக்கும் சக்கரங்கள் தனி. இரண்டாவது தொகுதி பூட்டப்பட்டுக் கிடக்கும். மணிமுள்ளோடு சேர்ந்து, பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் பித்தளைத் தட்டு ஒன்று உண்டு. அதன் விளிம்பு நத்தை ஓடுபோல உள்நோக்கிச் சுருண்டு, பன்னிரண்டு படிகளாக வெட்டப்பட்டிருக்கும். நேரமானதும் பல் வெட்டிய கை ஒன்று விடுபட்டு அந்தப் படியில் விழும். ஒரு மணிக்குரிய படி மேடு. கை ஒரு பல் அளவே இறங்கும். பன்னிரண்டுக்குரிய படி மிக ஆழம். பன்னிரண்டு பல் இறங்கிவிடும். சுத்தியல் ஓர் அடி அடிக்க, சிறு முனை ஒன்று கையை ஒரு பல் மேலே தூக்கும். கை பழைய இடத்துக்கு வந்ததும் பூட்டு விழும். எண்ணுகிற மூளை எதுவும் அங்கே இல்லை, விழுந்த ஆழம்தான் கணக்கு. 1676 அளவில் இதைக் கண்டறிந்தவர் எட்வர்ட் பார்லோ என்ற ஆங்கிலேயப் பாதிரியார் என்பார்கள். எவ்வளவு அழகான யோசனை!

 

இதற்கு முந்திய முறையில் நத்தை இல்லை. ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூட்டினால் வரும் 78 அடிகளுக்கேற்ப, ஓரத்தில் இடைவெளி விட்டுப் பள்ளம் வெட்டிய சக்கரம் மட்டுமே. முள் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. சாம்பல்தீவில் யார் வீட்டுச் சுவரிலாவது பழைய மணிக்கூடு ஒன்பதைக் காட்டி நாலு அடித்தால், உள்ளே பெரும்பாலும் இந்தச் சக்கரம்தான். அதைச் சரிசெய்ய முள்ளைத் தொடவேண்டாம். அடிக்கும் தொகுதியை மட்டும் விடுவித்து, அடி ஒன்பதுக்கு வரும்வரை அடிக்கவிட்டால் போதும்.