நமக்கு இனிப்பு, நாய்க்கு நஞ்சு!

நீங்கள் சாக்லேட் தின்னும்போது உங்கள் வீட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு எதிரே வந்து நிற்கிறதா? ஒரு துண்டை அதற்கும் போட்டால் என்ன என்று தோன்றும். சற்றுப் பொறுங்கள்!

ஒரு பொருள் நஞ்சா, உணவா என்பதை அதன் அளவே தீர்மானிக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சஸ் என்ற மருத்துவர் கூறிய உண்மை இது. இன்று நாம் இன்னொன்றையும் அறிவோம்: அதை உண்ணும் உடல் எது என்பதும் முக்கியம்.

சாக்லேட்டில் தியோபுரோமின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. இது காப்பியிலுள்ள காஃபீனுக்கு நெருங்கிய உறவு. நம் உடலில் சேரும் தியோபுரோமினில் பாதி, ஏறக்குறைய 7 முதல் 10 மணி நேரத்தில் நீங்கிவிடும். நாயின் உடலிலோ இதற்கு 17 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆகவே அது உடலில் தங்கி, இதயத்தையும் நரம்புகளையும் தூண்டுகிறது. வாந்தி, படபடப்பு, வலிப்பு ஆகியவை தோன்றுகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் தியோபுரோமின் சென்றாலே தொல்லை தொடங்கலாம். 5 கிலோ நாய்க்கு இது 100 மில்லிகிராம். ஒரு கிராம் பால் சாக்லேட்டில் சுமார் 2 மில்லிகிராம் இருப்பதால், 50 கிராம் தின்றால் இந்த அளவு வந்துவிடும். கறுப்புச் சாக்லேட்டில் கிராமுக்கு சுமார் 5 மில்லிகிராம் உண்டு. அதில் 20 கிராமே போதும்! நாய்களுக்கான தின்பண்டங்களில் சாக்லேட்டுக்குப் பதிலாகக் 'கேரோப்' என்னும் காயின் மாவைச் சேர்ப்பது இதனால்தான்.

சாக்லேட்டைவிடக் கொடியது ஒன்றுண்டு. அது சைலிட்டால். சர்க்கரை சேர்க்காத சூயிங்கத்திலும், சிலவகை நிலக்கடலை வெண்ணெயிலும் இனிப்புக்காக இதைச் சேர்க்கிறார்கள். நம் கணையம் இதைப் பொருட்படுத்துவதில்லை. நாயின் கணையமோ, சர்க்கரை வந்துவிட்டது என்று ஏமாந்து இன்சுலினை மிகுதியாகச் சுரக்கிறது. இரத்தத்தில் உள்ள சர்க்கரை திடீரென இறங்கி, நாய் தள்ளாடி விழுகிறது. 10 கிலோ நாய்க்கு 1 கிராம் சைலிட்டாலே ஆபத்து. அளவு இன்னும் கூடினால் கல்லீரலும் கெடும். நிலக்கடலை வெண்ணெய் சேர்த்து நாய்க்குப் பிஸ்கட் செய்பவர்கள் புட்டியின் மேலுள்ள சீட்டைப் படிக்க வேண்டும். 'பிர்ச் சர்க்கரை' என்று எழுதியிருந்தாலும் அது சைலிட்டாலே.

திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். இதற்கு டார்டாரிக் அமிலம் காரணமாகலாம் என்று 2021-இல் அமெரிக்க விலங்கு மருத்துவர்கள் சுட்டிக்காட்டினர். நம் சமையலறைப் புளியிலும் இதே அமிலம் மிகுதி! புளி தின்ற நாய்களிடமும் இத்தகைய சிறுநீரகக் கோளாறு காணப்பட்டுள்ளது.

அப்படியானால், புரியாத வேதிப்பெயர் கொண்டதெல்லாம் நஞ்சா? இல்லை. மென்மையான நாய்த் தின்பண்டங்கள் காய்ந்து போகாமலிருக்கப் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பதுண்டு. சிறு அளவில் நாய்க்கு அது தீங்கு செய்வதில்லை. ஆனால் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அது பாதிப்பதால், பூனை உணவில் சேர்க்கக் கூடாதென அமெரிக்க அரசு 1996-இல் தடை செய்தது. ஆகையால் நாயின் தின்பண்டத்தைப் பூனைக்குப் போடுவதும் தவறு.

நாய் இவற்றில் எதையாவது தின்றுவிட்டால் என்ன செய்வது? உப்புக் கரைசலை வாயில் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம். நோய்க்குறி தோன்றட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். தின்ற பொருளின் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். எது, எவ்வளவு, எப்போது என்ற மூன்று கேள்விகளுக்கும் நீங்கள் சொல்லும் விடை, அந்த வாயில்லா உயிரைக் காப்பாற்ற உதவும்.