குடிவரவு ஏற்பின்மையும் வழக்குமன்ற மீளாய்வும்

அயல்நாட்டார் ஒருவர் தம் மண்ணில் புகவோ தங்கவோ தகுதியற்றவர் என ஒரு நாடு சட்டப்படி முடிவு செய்வது குடிவரவு ஏற்பின்மை எனப்படும். கனடாவின் 2001ஆம் ஆண்டுக் குடிவரவு, ஏதிலியர் காப்புச் சட்டம் இதனைப் பல வகையாகப் பகுக்கிறது. அவற்றுள் அமைப்புவழிக் குற்றத்துக்குரியது 37ஆம் பிரிவு. பலர் கூடித் திட்டமிட்டுத் தொடர்ந்து குற்றம் இழைக்கும் அமைப்பில் உறுப்பினராயிருத்தல் அதன் ஒரு கூறு. நாடுகடந்த குற்றத்தின் பகுதியாக ஆட்களைக் கள்ளத்தனமாக எல்லை கடத்துதல் போன்ற செயல்களில் ஈடுபடுதல் மற்றொரு கூறு. முன்னது சார்பை அளக்கிறது. பின்னது செயலை அளக்கிறது.

இவ்விரண்டுக்கும் ஒறுப்புத் தீர்ப்பு எதுவும் வேண்டுவதில்லை. நம்புதற்குரிய அடிப்படை இருந்தால் போதும். வெற்று ஐயத்தினும் அது மேற்பட்டது, உரிமையியல் வழக்குக்குரிய அளவினும் தாழ்ந்தது என்று மீயுயர் வழக்குமன்றம் 2005இல் வரையறுத்தது. மறு ஆண்டு, டொராண்டோவில் இயங்கிய ஏ.கே. கண்ணன் என்னும் தமிழ்க் குழுவைச் சார்ந்த வழக்கில், கூட்டாட்சி மேல்முறையீட்டு மன்றம் ‘அமைப்பு’ என்பதற்கு அகன்ற பொருள் தந்தது. இறுகிய கட்டமைப்பு இல்லாத குழுவும் அமைப்பே என்றும், முன்னொரு காலத்து உறுப்பாண்மையும் போதும் என்றும் அது முடிவு செய்தது. 37ஆம் பிரிவின்கீழ் ஏற்பின்மை உறுதியானவரின் ஏதிலிக் கோரிக்கை ஆராயப்படுவதில்லை. குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவின் வாயிலும் அவருக்கு அடைபடுகிறது.

எஞ்சுவது கூட்டாட்சி வழக்குமன்றத்தின் மீளாய்வு. அதுவும் தானே கிட்டுவதன்று. கனடாவுக்குள் எடுக்கப்பட்ட முடிவாயின், அது அறிவிக்கப்பட்ட 15 நாள்களுக்குள் மன்றத்தின் இசைவை வேண்டி விண்ணப்பித்தல் வேண்டும். இசைவு கிடைத்தபின்னும் நடுவர் சான்றுகளைப் புதிதாக நிறுத்துப் பார்ப்பதில்லை; முடிவு ஏரணத்துக்குப் பொருந்துகிறதா என்று காண்கிறார். சான்றிலிருந்து முடிவுவரை எண்ணம் அறுபடாமல் செல்கிறதா, சட்டத்தின் சொல்லும் நோக்கும் மதிக்கப்பட்டனவா என்பனவே அவர் வினாக்கள். மீயுயர் வழக்குமன்றத்தின் 2019ஆம் ஆண்டு வவிலோவ் தீர்ப்பு, முடிவு ஒருவர் வாழ்வை எவ்வளவு கடுமையாகத் தாக்குமோ அவ்வளவுக்கு விளக்கமும் ஈடுகொடுக்க வேண்டும் என்றது. அளவுகோல் தாழ்வாகவும் சொற்பொருள் அகலமாகவும் அமைந்த இடத்தில், இந்த விளக்கக் கடமையே தனியொருவரின் அரண் என்பது என் துணிபு.

செயலை அளக்கும் கூறு எங்கே முடிகிறது என்பதை ஒரு கப்பல் காட்டியது. 2010 ஆகஸ்ட் மாதத்தில் 492 ஈழத்தமிழரோடு ‘சன் சீ’ பிரித்தானியக் கொலம்பியக் கரையை அடைந்தது. தாய்லாந்து மாலுமிகள் கைவிட்டுச் சென்றமையால், பயணிகளுள் சிலரே கப்பலை ஓட்ட நேர்ந்தது. ஒருவர் பொறியறையில் நாள்தோறும் இருமுறை பணிபுரிந்து நீரின் வெப்பத்தையும் எண்ணெய் அளவையும் பார்த்துவந்தார்; இன்னொருவர் சமைத்தார், கடலைக் கண்காணித்தார். இவர்கள் ஆட்களைக் கள்ளத்தனமாக எல்லை கடத்துதலில் ஈடுபட்டவர் என்று குடிவரவு, ஏதிலியர் வாரியத்தின் குடிவரவுப் பிரிவு முடிவு செய்தது.

2015இல் மீயுயர் வழக்குமன்றம் சட்டத்தின் 37ஆம் பிரிவின் சொற்களை, கனடா கையெழுத்திட்ட பன்னாட்டு உடன்படிக்கைகளோடு சேர்த்துப் படித்தது. அமைப்புவழிக் குற்றத்தின் சூழலில், பொருட்பயனோ அதனையொத்த வேறு பயனோ கருதி எல்லை கடத்துவோரையே அச்சொற்கள் பற்றும்; தாமும் புகலிடம் நாடி ஒருவர்க்கொருவர் உதவியோரைப் பற்றா என்று தெளிவுறுத்தியது. ஆயினும் அவர்களை ஏற்கத்தக்கவர் என்று மன்றம் தானே அறிவித்துவிடவில்லை; செம்மையான பொருளை அளவுகோலாகக் கொண்டு மீண்டும் ஆராயுமாறு, அவ்வழக்குகளைக் குடிவரவு, ஏதிலியர் வாரியத்துக்கே திருப்பியனுப்பியது.