இணைய இணைப்புக்குக் காத்திருத்தல்



வீட்டிற்கு இணைய இணைப்பு வேண்டுமென்று விண்ணப்பித்தவருக்கு நிறுவனத்தார் கூறும் மறுமொழிகளுள் 'விரைவில்' என்பதைப் போல் நீட்சியுடைய சொல் வேறில்லை. ஒரு கிழமைக்கும் அது பொருந்தும். ஆறு மாதத்திற்கும் அது பொருந்தும். படிவம் நிரப்பியாயிற்று, பணம் கட்டியாயிற்று, பற்றுச்சீட்டும் கைக்கு வந்துவிட்டது. கம்பி மாத்திரம் வந்தபாடில்லை. இந்நிலையிலுள்ளவர் செய்யத்தக்கது யாது என்பதையே இன்று ஆராய எண்ணுகின்றேன்.

இஃது ஒரு சிறு வசதியைப் பற்றிய பேச்சன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் இணையத்தின் வாயிலாகவே நடைபெறலாயின. இணைப்புள்ள வீட்டுப் பிள்ளை மேசையருகே இருந்து பாடங் கேட்டது. இல்லாத வீட்டுப் பிள்ளை கைத்தொலைபேசியை ஏந்திக்கொண்டு சைகை கிடைக்குமிடந் தேடி மேட்டு நிலத்திற்கு ஏறிற்று. இன்றும் பல்கலைக்கழக விண்ணப்பம், வங்கிக் கணக்கு, வெளிநாட்டிலுள்ள மகனின் முகம், வீட்டிலிருந்தே செய்யும் உத்தியோகம் என்பன எல்லாம் அந்த ஒரு கம்பியிலேயே தங்கியிருக்கின்றன. ஆதலின் ஒரு மாதத் தாமதம் என்பது சிலருக்கு ஒரு மாத ஊதியமாகவும் இருக்கலாம்.

தாமதம் ஏன் நேர்கின்றது என்பதை அறிவதற்கு, அக்கம்பி வரும் வழியை ஒருமுறை நடந்து பார்த்தல் வேண்டும். பழைய முறையில், தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து ஒவ்வொரு வீட்டிற்கும் தனித்தனியே ஓர் இணைச் செப்புக் கம்பி வந்தது. அதன் வழியே இணையமும் அனுப்பலாம். ஆனால் தூரம் மிக மிக வேகம் குன்றும். நான்கைந்து கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள வீட்டிற்கு அது பெயரளவில் மாத்திரமே இணைப்பாகும். இப்பொழுது பரவிவருவது ஒளியிழை. ஒரு மில்லிமீற்றரில் எட்டிலொரு பங்கு தடிப்புள்ள கண்ணாடி நூலொன்றில் ஒளித் துடிப்புகளாகச் செய்தி ஓடுகின்றது. நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை, வீதியோரத்தில் உள்ள பிரிப்பான் என்னும் சிறு கருவியிலே பல கிளைகளாகப் பிரிகின்றது. 32 கிளைகளாகவோ 64 கிளைகளாகவோ பிரித்தல் வழக்கம். அக்கருவிக்கு மின்சாரமே வேண்டியதில்லை. ஒரு கிளை ஒரு வீட்டிற்குரியது.

இனி, காத்திருப்பின் இரகசியம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றது. உங்கள் வீதியிலே கம்பம் நிற்கின்றது, கம்பத்திலே இழையும் தொங்குகின்றது, பக்கத்து வீட்டார் இணைப்புப் பெற்றுவிட்டார். ஆயினும் உங்களுக்கு இல்லை என்கின்றார்கள். கேட்பவருக்கு இது வஞ்சகமாகவே தோன்றும். ஆனால் அப்பிரிப்பானில் உள்ள கிளைகள் அனைத்தும் எடுபட்டுவிட்டனவாயின், நீங்கள் அடுத்த வீட்டிலிருந்தாலும் அயலூரிலிருந்தாலும் ஒன்றே. புதிய பிரிப்பான் ஒன்று வைக்கப்படவேண்டும். அதற்கு மதிப்பீடு, அனுமதி, பொருள், ஆள் என்பன வேண்டும். சில சமயங்களில் நிறுவனத்தின் பதிவேட்டிலே இடமிருப்பதாகக் காணப்படும்; வேலையாள் கம்பத்தில் ஏறிப் பார்த்தபோதுதான் இடமில்லை என்பது வெளிப்படும். வந்தவர் கைவிரித்துத் திரும்பிச் செல்வதன் காரணம் பல வேளைகளில் இதுவே. பணத்தை ஏற்றுக்கொள்ளுமுன்பே கம்பத்தைப் பார்த்துவிடலாகாதா என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

இன்னொரு தடை நிலத்தைப் பற்றியது. நம்மூர் ஒழுங்கைகளின் அமைப்பு நேயர்கள் அறிந்ததே. வீதிக் கம்பத்திலிருந்து உள்வளவு வீட்டிற்குக் கம்பி செல்வதாயின், முன்வளவின் மேலாகச் செல்லவேண்டும். முன்வளவுக்காரர் கொழும்பிலோ கனடாவிலோ இருக்கலாம். அன்றி, வேலி வழக்கொன்றினால் பேச்சுவார்த்தை இல்லாமலிருக்கலாம். பனைகளினூடே இழுத்த கம்பியின்மேல் காவோலை விழுந்தால் அறுந்துபோகுமாகையால், வேலையாட்களும் தயங்குவார்கள். இடையிலே ஒரு கம்பம் நாட்டுவதாயின் வீதிக்குப் பொறுப்பான பிரதேச சபையினதோ வீதி அபிவிருத்தி அதிகாரசபையினதோ இணக்கம் வேண்டியிருக்கும். வாடகை வீடாயின் வீட்டுச் சொந்தக்காரரின் கடிதமும் வேண்டும். இவற்றுட் சில நிறுவனத்தின் கையில் இல்லை. நம்முடைய கையிலே உள்ளன. அயலவரிடம் இரண்டு வார்த்தை இதமாகப் பேசி ஒப்பம் வாங்கி வைத்திருப்பவருக்குச் சில கிழமைகள் மிச்சமாகும்.

ஆகவே, கந்தோருக்குத் தொலைபேசியெடுத்து "எப்பொழுது வருவீர்கள்?" என்று கேட்பதிலே பயனில்லை. அக்கேள்விக்கு விடை 'விரைவில்' என்பதே. "என்னுடைய விண்ணப்பம் இப்பொழுது எந்தப் படியில் நிற்கின்றது? கிளை ஒதுக்கப்பட்டதா? கம்பம் பார்வையிடப்பட்டதா? யாருடைய அனுமதிக்காகக் காத்திருக்கின்றீர்கள்?" என்று கேட்டல் வேண்டும். இக்கேள்விகளுக்கு 'விரைவில்' என்று விடையிறுக்க முடியாது. கிடைத்த விடையை அன்றன்றே திகதியோடு ஒரு கொப்பியிற் குறித்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அதனை உறுதிப்படுத்தும்படி கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கம் ஒன்று தரப்படுமாயின் அதுவே உங்கள் பேச்சுக்குச் சான்று.

நமது நாட்டிலே காத்திருத்தல் புதியதன்று. தொலைபேசி அரசாங்கத் திணைக்களத்தின் கையிலிருந்த காலத்தில், ஓர் இணைப்புக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அத்திணைக்களத்தின் பணி ஒரு கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1996 இல் சன்டெல், லங்கா பெல் என்னும் இரு நிறுவனங்கள் வானலை வழியாக வீட்டுத் தொலைபேசி வழங்க அனுமதி பெற்றன. பின்னர் கைத்தொலைபேசி பெருகிற்று. நீண்ட வரிசை கலைந்தது. கந்தோரிலிருந்தவர்கள் திடீரென்று சுறுசுறுப்படைந்ததனால் மாத்திரம் அது கலைந்ததென்று நான் நினைக்கவில்லை; காத்திருந்தவருக்கு வேறொரு வாசல் திறந்ததும் பெரியதொரு காரணமாகும். ஒளியிழையைப் பொறுத்தவரை, பல ஒழுங்கைகளில் இன்று ஒரே வாசல்தான் உண்டு.

வேறு வாசல் இல்லாதவிடத்துத் தாமதத்திற்கு ஒரு விலை வைக்கலாம் என்பதைப் பிரித்தானியர் செய்து பார்த்திருக்கின்றனர். அங்கே ஓப்பன்ரீச் என்னும் ஒரே அமைப்பின் கம்பிகளைப் பல நிறுவனங்கள் வாடகைக்குப் பெற்று விற்கின்றன. பணம் வாங்குபவர் ஒருவர், வீட்டிற்கு வந்து கம்பி இழுப்பவர் இன்னொருவர். ஆகையால் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுதல் எளிது. தொலைத்தொடர்பை மேற்பார்க்கும் ஒவ்கொம் என்னும் அதிகாரசபையின் ஏற்பாட்டில், 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆந் திகதி தொடக்கம் ஓர் ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது. வாக்களித்த நாளில் புதிய இணைப்பு இயங்கத் தொடங்காவிடின், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 5 பவுண். வருவதாகச் சொன்ன வேலையாள் வராதொழிந்தாலோ, 24 மணி நேர அறிவித்தலின்றி வருகையை இரத்துச் செய்தாலோ 25 பவுண். ஒரு மாதம் தாமதித்து, இரண்டு முறை ஆளும் வராதிருந்தால் 200 பவுண் ஆகின்றது. இத்தொகைகள் பின்னர் விலைவாசிக்கேற்ப உயர்த்தப்பட்டுள்ளன. இதிலே முக்கியமானது தொகையன்று. வாடிக்கையாளர் கேட்காமலே அது அவர் கணக்கிற் சேர்க்கப்படவேண்டும் என்பதே. கேட்டாற்றான் கிடைக்கும் என்றிருந்தால், எழுதத் தெரிந்தவரும் சண்டைபிடிக்கத் தெரிந்தவரும் மாத்திரமே பெறுவர், முதியவர்கள் பெறமாட்டார்கள்.

இவ்வொழுங்கிற் குறைகளும் உண்டு. நிறுவனங்கள் தாமாக விரும்பிச் சேர்ந்தாலன்றி அவை இதனாற் கட்டுப்படமாட்டா. மேலும், அபராதம் கணக்கிடப்படுவது வாக்களித்த நாளிலிருந்தே ஆகையால், தொலைவான ஒரு திகதியை முதலிலேயே கூறித் தப்பிக்கொள்ளவும் கூடும். ஆயினும் ஒரு திகதியாவது கூறியாகவேண்டுமே! அதுவே பெரிய மாற்றமென்று நான் கருதுகின்றேன்.

நாமும் பணங் கட்டுமுன் இரண்டு கேள்விகளை எழுத்திலே கேட்கலாம். இணைப்பு எந்தத் திகதிக்குள் இயங்கும்? அத்திகதி தவறினால் கட்டிய பணம் முழுவதும் எத்தனை நாளில் திரும்பும்? விடை கிடையாதவிடத்துப் பணத்தைப் பையிலேயே வைத்திருத்தல் உத்தமம். கட்டியபின் காரணமின்றி இழுத்தடிக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் மேலதிகாரிக்கும், அங்கும் பயனில்லையேல் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். முறைப்பாடுகளை விசாரிப்பது அவ்வாணைக்குழுவின் கடமைகளுள் ஒன்று. அம்மடல் சுருக்கமாக இருக்கட்டும். விண்ணப்பித்த நாள், பணங் கட்டிய நாள், சொல்லப்பட்ட காரணங்கள், அவற்றின் திகதிகள், பற்றுச்சீட்டின் பிரதி என்பன போதும். வசைமொழி சேர்ந்தால் மடல் நீளும், விடை நீளாது.

கிளைகள் நிரம்பிவிட்டமை காரணமாயின், தனியொருவர் எழுதுவதிலும் ஒழுங்கையிலுள்ள பத்து வீட்டார் சேர்ந்து எழுதுவது நன்று. ஒரு வீட்டிற்காகப் புதிய பிரிப்பான் வைக்க நிறுவனம் தயங்கும். பத்து வீட்டு வருமானம் கண்ணிற் பட்டால் அதன் கணக்கு மாறும். சனசமூக நிலையங்கள் இதற்கு மிகவும் உகந்த இடங்கள்.

இடைக்காலத்தில், சிம் அட்டையால் இயங்கும் ரவுட்டர் ஒன்றைப் பலர் வாங்குகின்றனர். தீங்கில்லை, ஆனால் இரண்டாண்டு ஒப்பந்தத்தோடு வாங்கவேண்டாம். யாருடைய சைகை உங்கள் வீட்டில் வலிதாயிருக்கின்றது என்பதை, அயலவரின் கைத்தொலைபேசியை இரவு எட்டு மணியளவிலே, ஊரெல்லாம் இணையத்திலிருக்கும் வேளையிற் பார்த்து அறிந்துகொள்ளுங்கள். பழைய செப்புக் கம்பி இணைப்பு உள்ளவர்கள், புதியது இயங்கும் வரை அதனை வெட்டும்படி எழுதிக் கொடுத்தலாகாது. இரண்டும் இல்லாமற் போனவர்கள் இருக்கின்றார்கள்.

ஒருநாள் வேலையாட்கள் வந்தே விடுவார்கள். அன்று வீட்டிலே பெரியவர் ஒருவர் இருத்தல் வேண்டும். பிள்ளையை விட்டுச் சென்றால் சுவரிலே துளை எங்கே என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். வேலை முடிந்தது என்று கையொப்பம் கேட்கும்போது, ரவுட்டரிலிருந்து கம்பி மூலமாக ஒரு கணினியை இணைத்து, ஒப்பந்தத்திற் சொன்ன வேகம் வருகின்றதா என்று அவர்கள் முன்னிலையிலேயே பார்த்துவிட்டு, அதன்பின் ஒப்பமிடுங்கள்.