தரவுத்தளத்தில் திகதி

நாள் என்பது வேறு. அந்நாளை எழுதிக் காட்டும் முறை வேறு. கைப்பதிவேட்டில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றுவதில்லை. படிப்பவர் தம் அறிவால் பொருளை உணர்ந்துகொள்வர். கணினித் தரவுத்தளமோ இட்ட கட்டளையை மட்டுமே செய்யும்.

கொஸ்லந்த முதலிய ஊவாத் தோட்டப் பகுதிகளில் வாழும் மலையக மக்களுக்குத் திகதி வெறும் எண்ணன்று. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்திடப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், அந்நாள் முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினர்க்கும், இங்கு வதியும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கிற்று. ஒரு நாளே உரிமையின் எல்லைக்கல்லாயிற்று.

இத்தகைய எல்லையை வைத்துப் பதிவுகளைப் பிரிக்குமாறு ஒரு தரவுத்தளம் வினவப்படுகின்றது எனக் கொள்க. வதிவு தொடங்கிய நாள் அதில் வெறும் எழுத்துத்தொடராகப் பதியப்பட்டிருப்பின், கணினி இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாகவே ஒப்பிடும். 01-11-1964 என்பதன் முதலெழுத்துப் பூச்சியம். 30-10-1964 என்பதன் முதலெழுத்து மூன்று. ஆகவே பிந்திய நாள் முந்தியதாகிவிடும். 31-12-1960 என்பதோ, 31 என்பது 30இனும் பெரிதாகலின், எல்லைக்குப் பிந்தியதாகக் கொள்ளப்படும். உரிமையுடையவர் பெயர் பட்டியலிலிருந்து விடுபடும்.

10-11-1964 என்னும் பதிவு இன்னோர் இடரைக் காட்டும். இலங்கை வழக்கில் இது நவம்பர் 10. அமெரிக்க வழக்கில் ஒக்டோபர் 11. முன்னது எல்லையைக் கடந்தது. பின்னது எல்லைக்கு உட்பட்டது. இம்மயக்கத்தை நீக்கவே 1988இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் அனைத்துலக நியமம் ஆண்டு, மாதம், நாள் என்னும் ஒழுங்கை விதித்தது. 1964-10-30 என எழுதின், எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகும். எனினும், திகதிக்கெனவே அமைந்த தரவு வகையில் சேமித்தலே தலையாய வழியாம்.

திகதியோடு நேரமும் சேர்ந்து பதியப்படும்போது வேறொரு பிழை நேரும். கொஸ்லந்தவை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மண்சரிவு ஏற்பட்டு, லயன் குடியிருப்புகள் புதையுண்டன. நேரத்தோடு பதியப்பட்ட அனர்த்தங்களுள் ‘2014-10-29 வரை’ உள்ளவற்றைக் கேட்டால், தரவுத்தளம் பொதுவாக அந்நாள் தொடங்கும் நள்ளிரவையே எல்லையாகக் கொள்ளும்; காலையில் நேர்ந்த அப்பேரிடர் விடையில் இடம்பெறாது. ‘29ஆம் நாள் தொடக்கம், 30ஆம் நாளுக்கு முன்’ என வினவுதலே அந்நாளை முழுமையாகப் பெறும் வழி.

இனி, திகதியை அழகுற வடிவமைக்கும் சார்புகள் விடையை வாசகர்முன் வைக்கும் கடைசிப் படிக்கே உரியவை. அவற்றை ஒப்பீட்டினுள் புகுத்தின், திகதி மீண்டும் எழுத்துத்தொடராகும். சுட்டியின் பயனும் பெரும்பாலும் இழக்கப்பட்டு வினவல் தாமதிக்கும். திகதியைத் திகதியாகவே சேமித்து, திகதியாகவே ஒப்பிட்டு, ஈற்றில் மட்டும் வடிவமைத்தல் வேண்டும். ஒருவருடைய உரிமை ஒரு நாளிலே தங்கியிருக்கும் இடத்தில் இவ்வொழுங்கு நீதியின் பாற்பட்டதாகும்.