பழைய கேம்பர் வேனும் கியர் ஆயிலும்: வடித்துவிடக் கூடாத சாட்சி

கியர் ஆயில் விற்கும் கடைகளில் வழங்கும் 90 என்ற எண் எண்ணெயின் தடிமனை மட்டுமே குறிக்கும். அந்த எண்ணெய் ஒரு வண்டியின் கியர் பாக்ஸுக்கு ஏற்றதா என்பதை டின்னின் மீது அச்சிடப்பட்டிருக்கும் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற வகைப்பெயரைக் கொண்டே அறிய முடியும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ வகுத்த இவ்வகைகளில் எண் கூடினால் தரமும் கூடும் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால், பழைய டெம்போ டிராவலரையோ மாருதி ஆம்னியையோ படுக்கையும் அடுப்பும் பொருத்திய கேம்பர் வேனாக மாற்றிக்கொண்டு புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணம் செய்வோர், உயர்ந்த எண்ணெய் ஊற்றுவதாக நம்பியே வண்டிக்குத் தீங்கு செய்துவிடக்கூடும்.

ஜிஎல்-5 முதன்மையாக, சக்கரங்களுக்கு விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியலுக்கு உரியது. அதிலுள்ள ஹைப்பாய்டு வகைக் கிரவுன்-பினியன் சக்கரங்களின் அச்சுகள் ஒன்றையொன்று வெட்டாமல் விலகி நிற்பதால், பற்கள் கடும் அழுத்தத்தோடு வழுக்கியும் உராய்கின்றன. அதைத் தாங்குவதற்காகக் கந்தகமும் பாஸ்பரசும் அடங்கிய மிகையழுத்தச் சேர்மங்கள் ஜிஎல்-4-இல் உள்ளதைப்போல ஏறத்தாழ இருமடங்கு சேர்க்கப்படுகின்றன. எஃகைக் காக்கும் அதே கந்தகம், பழைய கியர் பாக்ஸ்களில் கியர் மாறும்போது சக்கரங்களின் வேகத்தை ஒன்றுபடுத்தும் சிங்க்ரனைசர் வளையங்களின் பித்தளையோடு, சூடு ஏற ஏற வினைபுரிந்து அதை அரிக்கக்கூடும். பித்தளையிலுள்ள செம்பை அரிக்காத வகையில் தயாரிக்கப்பட்ட ஜிஎல்-5 எண்ணெய்களும், இரு வகைக்கும் பொருந்தும் என்று எழுதிய டின்களும் சந்தையில் உண்டு. எனினும், என்ஜின் ஆயிலுக்கு உரிமம் வழங்கும் ஏபிஐ கியர் ஆயிலுக்கு அவ்வாறு வழங்குவதில்லை என்பதால், டின்னில் இருப்பது தயாரிப்பாளரின் சொந்த அறிவிப்பே.

ஜிஎல்-5 கேட்கும் டிஃபரன்ஷியலில் ஜிஎல்-4 ஊற்றுவதும் தவறுதான். அப்போது கிரவுன்-பினியன் பற்கள் தேய்ந்துவிடும். பின்புற என்ஜின் கொண்ட பழைய ஃபோக்ஸ்வாகன் வேன்களில் கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே ஹவுசிங்கில் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்வதால், அங்கே மெக்கானிக்கின் அனுபவத்தைவிட வண்டியின் கையேட்டுக்கே முதலிடம் தர வேண்டும். 80டபிள்யூ-90 என்பதில் முதல் எண் கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகியிருக்கும் என்பதைக் காட்டுவது. உறைபனியே காணாத புதுச்சேரியில் அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

இவ்வூரில் தண்ணீரால் வரும் கேட்டையும் கருத வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது கிருஷ்ணா நகர் போன்ற பகுதிகளில் நிகழ்ந்ததுபோல வெள்ளம் சூழ்ந்தால், கியர் பாக்ஸின் காற்றுத்துளை வழியே தண்ணீர் உட்புகக்கூடும். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால், அது எந்த வகையாயினும் உடனே மாற்றப்பட வேண்டும்.

தவறான எண்ணெயின் கேடு பல மாதங்கள் கழித்து, கியர் விழும்போது எழும் கரகரப்பாகவே வெளிப்படுவதால், யார் பொறுப்பு என்று நிறுவுவது கடினம். டிரம்மிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயிலாக இருந்தால் நிறுவுவதற்கு எதுவுமே மிஞ்சாது. தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், நிகர அளவும், தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலையும் அச்சிட்ட மூடிய டின்னையே கேட்டு வாங்கி, டின்னையும் பில்லையும் வைத்திருப்பதே முதல் பாதுகாப்பு. பில் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. கையேட்டுக்கு மாறான எண்ணெயை ஊற்றிய ஒர்க்‌ஷாப் மீது சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் வழக்குத் தொடரலாம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தீர்வு கிடைக்காதவர், புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். எண்ணெய்க்கோ சேவைக்கோ செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் புகாருக்குக் கட்டணம் இல்லை. எண்ணெயை வெளியூரில் வாங்கியிருந்தாலும் தாம் வசிக்கும் ஊரிலேயே புகார் அளிக்கலாம் என்பது பயணிகளுக்குப் பெரிய வசதி. வேனை வணிகமாக வாடகைக்கு விடுபவரை இச்சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே ஓட்டுபவருக்கு விலக்கு உண்டு.

பொருளின் குறையைச் சோதனையின்றி அறிய இயலாதபோது மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு இருப்பதால், வடித்த எண்ணெயில் சிறிதளவை மெக்கானிக்கின் முன்னிலையிலேயே சுத்தமான புட்டியில் பிடித்து, தேதியிட்டு மூடிவைப்பது நல்லது. எஞ்சிய கழிவெண்ணெய் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. அதைப் பெரிய வாய்க்காலிலோ தெருச் சாக்கடையிலோ ஊற்றாமல், அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.