சித்தன்னவாசல் மலையில தெரிஞ்ச கிரெடிட் கார்டு கணக்கு

போன வாரம் நம்ம சேனல்ல போட்ட புதுக்கோட்டை - காரைக்குடி சாப்பாட்டு டிரிப் வீடியோ பார்த்துட்டு, "மொத்தம் எவ்வளவு சார் ஆச்சு?"ன்னு பல பேர் கேட்டிருந்தீங்க. அஞ்சு பேருக்கு 33,500 ரூபாய், தலைக்கு 6,700. இது நேரான பதில். ஆனா வீடியோல வராத ஒரு கணக்கு இருக்கு, அதைத்தான் இன்னிக்கு எழுதப் போறேன். சம்பந்தப்பட்ட நண்பன்கிட்ட அனுமதி வாங்கிட்டேன். "பேர் போடாதே, மத்ததை எழுதிக்கோ"ன்னான்.

எங்க கேங் வருஷா வருஷம் ஆகஸ்ட் 15ஐ ஒட்டின லீவுல கிளம்பிடும். காலேஜ்ல ஒண்ணா படிச்சவங்க. ஒரு வருஷம் ஆம்பூர் பிரியாணி, ஒரு வருஷம் திண்டுக்கல் சீரகசம்பா. போன வருஷம் மதுரையில கறி தோசை, அப்படியே விருதுநகர்ல எண்ணெய் பரோட்டா. இந்த வருஷம் செட்டிநாட்டுப் பக்கம். கோயில், அருவி எல்லாம் வழியில வந்தா பார்ப்போம், ஊரைத் தேர்ந்தெடுக்கிறது நாக்குதான்.

விடிகாலை 4 மணிக்குத் தாம்பரத்துல கிளம்பினோம். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம்னு வரிசையா டோல். இந்த வருஷம் ஒருத்தன் சொந்தமா கார் வாங்கி, ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸும் போட்டிருந்தான். 2025 ஆகஸ்ட் 15ல வந்த திட்டம் இது. தொடங்கினப்போ கட்டணம் 3,000 ரூபாய். கட்டினா ஒரு வருஷம் அல்லது 200 முறை, எது முதல்ல வருதோ அதுவரைக்கும் செல்லும். அந்தக் கட்டணத்துக்கு ஒரு டோலைத் தாண்ட 15 ரூபாய்னு வந்தது. தேசிய நெடுஞ்சாலை டோலுக்கு மட்டும்தான், மாநில சாலைக்குச் செல்லாது. வருஷத்துக்கு நாலு தடவை ஊருக்குக் கார்ல போறவங்க கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்.

திருச்சியில மதியச் சாப்பாட்டை முடிச்சுட்டு, விராலிமலை, அன்னவாசல் வழியா சாயங்காலம் சித்தன்னவாசல் வந்தோம். அறிவர் கோயில் கூரையில இருக்கிற தாமரைக்குளத்து ஓவியத்தை அண்ணாந்து பார்த்துட்டு, மலைக்கு மேல ஏழடிப்பட்டத்துக்கு ஏறினோம். பாறையில வெட்டின படி வழியா போனா, குகைக்குள்ள சமண முனிவர்கள் படுத்த 17 கல் படுக்கை. தலையணை மாதிரி ஒரு மேடு கூட செதுக்கியிருக்காங்க. பட்டினியையே தவமா இருந்தவங்க படுத்த இடத்துல, மதியம் மட்டன் சுக்கா சாப்பிட்ட அஞ்சு பேர் மூச்சு வாங்கிக்கிட்டு நின்னோம்.

இறங்கும்போது ஒரு பாறை நிழல்ல உட்கார்ந்து, ராத்திரி சாப்பாட்டுக்கு யார் கார்டு தேய்க்கிறதுன்னு பேச்சு வந்தது. வழக்கமா அது எங்க கேங்ல ஒருத்தன்தான். அவன் கார்டுக்குத்தான் ரிவார்டு பாயின்ட் அதிகம். "இந்தத் தடவை என் கார்டு வேண்டாம்டா"ன்னான். ஏன்னு கேட்டா சிரிச்சான். விடாம கேட்டதும் மொபைல்ல கார்டு ஆப்பைத் திறந்து, பழைய ஸ்டேட்மென்ட்டை நீட்டினான்.

கணக்கு இதுதான். போன வருஷ டிரிப்புக்கு மொத்தம் 46,000 ரூபாய், எல்லாம் அவன் கார்டுல. தலைக்கு 9,200. ரெண்டு பேர் ஊருக்கு வந்த அன்னிக்கே அனுப்பிட்டாங்க. ரெண்டு பேர் அனுப்பல. முதல் ரெண்டு பேர் ஜிபேயில அனுப்பின 18,400, அவனோட சேமிப்புக் கணக்குல விழுந்து, வாடகை, தங்கச்சி ஃபீஸ்னு பத்து நாள்ல கரைஞ்சுடுச்சு. பில் தேதி வந்தப்போ கையில முழுப் பணம் இல்லை. மினிமம் டியூ 2,300 மட்டும் கட்டினான்.

இங்கதான் கவனமா படிங்க. கிரெடிட் கார்டு பில்லை முழுசா கட்டினாத்தான் அந்த 45, 50 நாள் வட்டியில்லாத சலுகை. கொஞ்சம் பாக்கி வெச்சாலும், பில் தேதியிலிருந்து இல்லை, ஸ்வைப் பண்ண தேதியிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிச்சிடும். அதுக்கப்புறம் அந்தக் கார்டுல போடுற பெட்ரோல், மளிகைக்கும் முதல் நாள்லேயே வட்டி. அவன் கார்டுக்கு மாசம் 3.5 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 42. 46,000க்கு ஒரு மாச வட்டி 1,610. வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி 290. ஆக 1,900. கட்டின 2,300ல அசலுக்குப் போனது வெறும் 400 ரூபாய்! மூணு மாசம் இப்படியே ஓட்டி, நாலாவது மாசம் 20,000 கட்டி, எட்டு மாசத்துல ஒருவழியா முடிச்சிருக்கான். வட்டியும் ஜிஎஸ்டியும் மட்டும் பத்தாயிரத்தைத் தாண்டிடுச்சு. டிரிப்ல அவன் பங்கே 9,200தான்.

பணம் அனுப்பாத ரெண்டு பேர்ல ஒருத்தன் நான்.

ஆமா, நான்தான். டிரிப் செலவை எக்ஸெல் ஷீட்ல போட்டு, யார் யாருக்கு எவ்வளவு தரணும்னு பைசா சுத்தமா எழுதினவனும் நானே. ஆடிட் சீசன், வேலை நெருக்கடி, மறந்துட்டேன். ஆறு வாரம் கழிச்சு அனுப்பினேன். அவனும் ஒரு தடவை கூட ஞாபகப்படுத்தல. அஞ்சு பேர்ல சம்பளம் கம்மி அவனுக்குத்தான், கேட்க கூச்சம். ராத்திரி ரூம்ல கணக்கு போட்டுப் பார்த்தேன். என் 9,200க்கு ஒன்றரை மாச வட்டி 483, ஜிஎஸ்டி 87, மொத்தம் 570 ரூபாய். ஆனா இது ஏமாத்து கணக்கு. நானும் இன்னொருத்தனும் நேரத்துக்குக் கொடுத்திருந்தா அவன் முழுப் பில்லையும் கட்டியிருக்க வாய்ப்பு இருந்தது, வட்டிக் கதவே திறந்திருக்காது. வந்த பணத்தைத் தனியா வைக்காதது அவன் தப்பு, அதை அவனே ஒத்துக்கிட்டான். 570ஐ அனுப்பினேன், திருப்பி அனுப்பிட்டான்.

அன்னிக்கு ராத்திரி புதுக்கோட்டையில பரோட்டாவும் முட்டை மாஸும். அவிச்ச முட்டையை நறுக்கி, வெங்காயம் தக்காளி மசாலாவுல புரட்டித் தருவாங்க, ஊரோட அடையாளமே இதுதான். பில்லுக்கு நான் காசு கொடுத்தேன். வீடியோல நாங்க சிரிச்சுக்கிட்டு சாப்பிடுறது மட்டும்தான் தெரியும்.

அப்புறம் ரூமுக்கு வந்து ஒரு வேலை பண்ணோம். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. "ஒரு வருஷ டிரிப்புக்கு கடன் வாங்காம, மனசு உறுத்தாம உன்னால எவ்வளவு முடியும்?" எண் மட்டும் எழுதணும், பேர் கூடாது. (7 போடுற விதத்தை வெச்சு ஒருத்தனைக் கண்டுபிடிச்சிட்டோம், அது வேற கதை.) பெரிய எண் 15,000. சின்ன எண் 6,000. சின்ன எண்தான் இனிமே பட்ஜெட்டுன்னு முடிவாச்சு. 6,000 எழுதினது கார்டு நண்பன்தான்னு நான் நினைச்சேன். மறுநாள் காரைக்குடியில வாழை இலை முன்னாடி உட்கார்ந்திருக்கும்போது மெதுவா சொன்னான், "நான் எட்டாயிரம் எழுதினேன்டா." அப்போ இன்னொருத்தனும் எங்களுக்குத் தெரியாம திணறிக்கிட்டு இருக்கான். யாருன்னு நாங்க தேடல.

6,000ல முடியுமா? போன வருஷ 46,000ஐப் பிரிச்சுப் பாருங்க. வாடகைக் கார் 15,000, டீசல் 7,500, ரூம் 9,000, டோல், டீ, சில்லறை 3,000. சாப்பாடு 11,500தான்! சாப்பிடத்தான் போறோம்னு சொல்லிக்கிட்டு, செலவுல முக்கால் பங்கை வேற எதுக்கோ கொடுத்திருக்கோம். அடுத்த வருஷத்துக்கு சாப்பாட்டுல கை வைக்கல. அதே 11,500. சொந்தக் கார், ஒரே ராத்திரி தங்கல். டீசல், டோல் 8,500, ரூம் 4,500, கைக்காவல் 5,500. மொத்தம் 30,000.

சொந்தக் கார்னு சொன்னதால ஒரு எச்சரிக்கை. தெரிஞ்சவர்கிட்ட வெள்ளை போர்டு காரை நாள் வாடகைக்கு எடுக்கிறது நம்ம ஊர்ல சகஜம். தனிநபர் கார் பாலிசியில வாடகைக்கு ஓட்டக் கூடாதுன்னு நிபந்தனை இருக்கும், விபத்து நடந்தா கிளெய்மை மறுக்க அதுவே போதும். நண்பர்களுக்குள்ள டீசல் பங்கு போட்டுக்கிறது வேற, வாடகை கொடுக்கிறது வேற.

பணம் சேர்க்கிற விதத்தையும் மாத்திட்டோம். ஆளுக்கு அவங்கவங்க பேங்க்ல மாசம் 500 ரூபாய் ஆர்டி, 12 மாசம். கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி 6,000ஐயும் கார்டு தேய்க்கிறவன் கணக்குக்கு அனுப்பிடணும், யூபிஐ குறிப்புல 'டிரிப்'னு எழுதி. அனுப்பாதவனுக்கு சீட் இல்லை. திரும்பி வந்த மறுநாள், பில்லுக்குக் காத்திருக்காம அவன் கார்டைக் கட்டி முடிச்சிடணும். பாயின்ட் அவனுக்கே. இப்படி வர்ற பணம் வருமானமான்னு பயப்பட வேண்டாம், பொதுச் செலவுக்கான பங்குதான், வரி கிடையாது.

எல்டிஏ கிளெய்ம் பண்ணலாமான்னு எப்பவும் ஒரு கேள்வி வரும். புது வரி முறையில இருக்கிறவங்களுக்குக் கிடையாது. பழைய முறையிலும் நாலு வருஷ பிளாக்ல ரெண்டு பயணத்துக்கு, உங்களுக்கும் குடும்பத்துக்கும் ஆன பயணக் கட்டணம் மட்டும்தான். முட்டை மாஸ் அதுல வராது.

மெஸ் பில்லையும் ஒரு தடவை பார்த்துடுங்க. சாதாரண உணவகத்துல ஜிஎஸ்டி 5 சதவீதம், ஏசி இருந்தாலும் அதேதான். காம்போசிஷன் திட்டத்துல இருக்கிற சின்னக் கடை உங்ககிட்ட ஜிஎஸ்டின்னு தனியா வாங்கவே கூடாது. வரி போட்டிருந்தா, பில்லுல 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கான்னு பாருங்க.

அடுத்த ஆகஸ்ட், பள்ளிபாளையம். பள்ளிபாளையம் சிக்கனை அது பிறந்த ஊர்லயே சாப்பிடணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆர்டியில ரெண்டு தவணை போயாச்சு. ரெண்டாவது மாசம் மறந்துடாம இருக்க, குரூப்ல 5ஆம் தேதி காலையிலேயே எனக்கு மெசேஜ் வந்தது. அனுப்பினது கார்டு நண்பன்.